டா லாட்டில் இருப்பது ஏற்காட்டில் இல்லையா?

வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகிறோம் என்று சேலத்தில் யாரிடம் சொன்னாலும், "அங்க யாரு இருக்காங்க?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பையன் துபாயில் வேலை பார்க்க வேண்டும், அல்லது பெண் நியூஜெர்சியில் பிரசவத்துக்குக் காத்திருக்க வேண்டும். யாரும் இல்லை, சும்மா பார்த்துவிட்டு வரத்தான் என்றால் நம்மை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். வியட்நாம் என்றதும் பெரும்பாலோர் தலையாட்டிவிட்டார்கள். நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இப்போது அங்கேதான் போகிறார்கள், செலவும் கட்டுப்படியாகிறது. வில்லங்கம் ஊர்ப் பட்டியலைச் சொன்னபோதுதான் வந்தது. சைகோன், டா லாட், நா ட்ராங். "டா லாட்டுன்னா என்ன ஊரு?" மலை ஊர். கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரம். நடுவில் ஏரி, ஏரியில் படகு. சுற்றிலும் காபி. சாயங்காலமானால் பனிமூட்டம். வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து ஏற்படுத்திய ஊர். நான் சொல்லிக்கொண்டே போக, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் இருந்த பெரியப்பா ஒருவர் சோறு பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏங் கண்ணு, இதுக்கா லட்சக்கணக்குல செலவு பண்ணிப் போறீங்க? அடிவாரத்துல பஸ் ஏறுனா ஏற்காடு வந்துட்டுப் போகுது."

பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் தாம்பூலப் பையோடு ஐந்து ரோடு தாண்டி வீடு வந்து சேர்ந்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. நியாயமான கேள்வி என்பதுதான் தொந்தரவு. நான் பிறந்தது நாகலூரில். காபிப் பூ வாசத்தில் முழுப் பரீட்சைக்குப் படித்தவள். கல்யாணமாகி அஸ்தம்பட்டிக்கு இறங்கி வந்த பிறகும் அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறவள். வெளிநாடு என்று ஒன்று முதன்முதலாக வாய்க்கும்போது கண்ணுக்குப் பழகாத எதையாவது பார்க்க வேண்டும் என்று எனக்கும்தான் ஆசை. அப்படிப்பட்ட என் திட்டத்துக்குள் டா லாட் எப்படி வந்தது, அதைவிட அநியாயமாக மரவள்ளிக் காடு எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

ஆளுக்கொரு வியட்நாம்

முதலில் கையில் இருந்தது ஒரு டிராவல்ஸ்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய திட்டம். ஐந்து இரவு, ஆறு பகல். ஹனோய், ஹா லாங் விரிகுடா, டா நாங், பா நா மலை, ஹோய் ஆன், சைகோன், கு ச்சி சுரங்கம். பா நா மலையில் இரண்டு ராட்சதக் கைகள் தாங்கிப் பிடித்த மாதிரி ஒரு பாலம் உண்டே, 2018இல் திறந்தது, எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேரின் வாட்ஸ்அப் படமாக இப்போது இருப்பது, அதுவும் இதில் சேர்த்தி. வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். வியட்நாம் வடக்கு தெற்காக 1650 கிலோமீட்டர் நீளும் நாடு. ஹனோயிலிருந்து சைகோனுக்கு ரயில் பாதை 1726 கிலோமீட்டர், முப்பது மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற வண்டி. அதை ஆறு பகலில் முடிப்பதென்றால் விமான நிலையத்தில் பெல்ட்டைக் கழற்றி மாட்டுவதிலேயே பாதி நேரம் போய்விடும். "எல்லாம் கவர் ஆயிருமுங்க மேடம்" என்றார் டிராவல்ஸ்காரர். கவர் ஆகும்தான். பார்த்ததாக ஆகுமா என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன். அவர் தொழில் அது.

சரி, நாமே போட்டுக்கொள்வோம் என்று வீட்டில் ஒவ்வொருவரையும் கேட்டேன். முதலில் வீட்டுக்காரர். ஆத்தூர் பக்கம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ ஃபேக்டரியில் கணக்கும் கிழங்குக் கொள்முதலும் பார்க்கிறார். அவர் யோசிக்கவே இல்லை. "தை நின் போகணும்." சைகோனுக்கு வடமேற்கே நூறு கிலோமீட்டரில் இருக்கிறது தை நின். அங்கே போகிற வெளியூர்க்காரர்கள் காவ் தாய் என்ற மதத்தின் தலைமைக் கோயிலைப் பார்க்கப் போகிறார்கள். 1926இல் உருவான மதம், பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோவும் அதில் ஒரு மகான். இவருக்கு அந்தக் கோயில் இருப்பதே தெரியாது. தை நின்தான் வியட்நாமின் மரவள்ளி மாவுத் தொழிலுக்குத் தலைநகர், அதற்காகப் போக வேண்டுமாம். "அங்க கெழங்குல மாவுச் சத்து எத்தனை பாயிண்ட் நிக்குதுன்னு பார்க்கணும். 2017லேயே தேமல் நோய் அங்க போயிருச்சு தெரியுமா? நம்ம காட்டுல வருதே, அதே இலங்கைத் தேமல் வைரஸ்." தெரியாது. தேனிலவுக்குக்கூட என்னைப் பெரிதாக எங்கேயும் கூட்டிப் போகாதவர், நாடு விட்டு நாடு கூட்டிப் போய் மரவள்ளி இலையில் மஞ்சள் திட்டு காட்டப் போகிறேன் என்கிறார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சேலத்து ஜவ்வரிசியின் பிறப்பே அந்தப் பக்கத்துத் தொடர்புதான். நிஜமான சேகோ, தென்கிழக்காசியாவின் சதுப்பு நிலங்களில் வளரும் ஒரு பனை இனத்தின் தண்டுச் சோற்றிலிருந்து எடுப்பது. இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து வரத்து நின்றுபோக, 1943இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த பொபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கு மாவில் ஜவ்வரிசி திரட்ட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு உலகச் சந்தையில் மரவள்ளி மாவு என்றால் தாய்லாந்தும் வியட்நாமும்தான். போட்டிக்காரன் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்க்கிற ஆசை தொழில் தெரிந்த எல்லோருக்கும் இருக்கும்.

அடுத்தது அத்தை. எங்கே போகப் போகிறோம் என்றே கேட்காமல், "கோயில் இருக்குதா?" என்றார். இருக்கிறது. சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், ட்ரூங் டின் தெருவில், மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ் வணிகர்கள் கட்டியது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடை வைத்து வட்டிக்கு விட்டார்கள், புதுச்சேரி, காரைக்காலிலிருந்து சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனவர்களும் உண்டு. 1975க்குப் பிறகு அநேகமாக எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஆனால் கோயிலில் கூட்டம் குறையவில்லை. வியட்நாமியர்கள்தான் ஊதுவத்தியோடு வருகிறார்கள், சுவரில் கையும் நெற்றியும் வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். இதையெல்லாம் சொன்னதும் அத்தைக்கு வியட்நாமின் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. நா ட்ராங்கில் போ நகர் என்று பழைய சாம் கோபுரங்கள் உண்டு, அங்கேயும் பத்துக் கை அம்மன் உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். "அங்கயும் அம்மனா? அப்ப ரெண்டு பொடவை எடுத்துக்கணும்" என்றார். மகிஷனை வதைக்கிற அம்மன் சிற்பமும் அங்கே இருக்கிறது என்பதை வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால் மூன்றாவது புடவை.

அப்பா வரவில்லை என்றார். "நான் எதுக்குப் பாப்பா? கால் வலிக்கும். நீங்க போயிட்டு வாங்க." அம்மா போன பிறகு அவர் எதற்கும் சொல்கிற பதில் அது. கல்யாணத்துக்கும் அதேதான், காதுகுத்துக்கும் அதேதான்.

ஆக, என் நோட்டில் இருந்தது ஒரு மாரியம்மன் கோயில், ஒரு மரவள்ளிக் காடு, வர மாட்டேன் என்கிற அப்பா. எரிச்சல் வந்தது. கோட்டை மாரியம்மன் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறாள். மரவள்ளி தலைவாசல் போகிற வழியெல்லாம் நிற்கிறது. சேலத்தைப் பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு போய் அங்கே அவிழ்த்துப் பார்ப்பதற்குப் பெயர் வெளிநாட்டுப் பயணமா? எனக்கு வேண்டியது கடல், யாரும் என்னைத் தெரியாத ஒரு தெரு, பெயர் தெரியாத ஒரு பழம். அவ்வளவுதான்.

நல்ல மாதம் யாருக்கு?

எரிச்சலை ஒதுக்கிவிட்டுத் தேதி பார்க்க உட்கார்ந்தேன். இது இன்னும் பெரிய தலைவலி. கிழங்கு வரத்து சூடு பிடித்துவிட்டால் வீட்டுக்காரருக்கு ஒரு நாள்கூட லீவு கிடையாது. கார்த்திகையிலிருந்து தை வரை அப்பாவுக்குப் பழம் எடுப்பு (வர மாட்டேன் என்றவருக்கும் சேர்த்தே நான் தேதி பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைக் கவனிக்கவும்). ஆடியில் அத்தை அசைய மாட்டார். கோட்டை மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி, கம்பம் நட்டுவிட்டால் ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது என்பது அவர் வளர்ந்த வழக்கம். குகை வண்டி வேடிக்கை முடியாமல் சேலத்தை விட்டுக் கிளம்புவது அவரைப் பொறுத்தவரை தேசத் துரோகம். மிஞ்சியது ஆடி முடிந்து ஆவணி பிறந்த சில வாரங்கள். ஆகஸ்ட் கடைசி.

ஆகஸ்டில் வியட்நாமா என்று எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் சீசன், மற்றதெல்லாம் மழை என்று படித்த இடமெல்லாம் எழுதியிருந்தது. தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும்கூட அதையேதான் சொல்கிறார்கள். இதை நானும் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் மதியம், வெயில் ஜன்னல் கம்பியைக் காய்ச்சிக்கொண்டிருந்த நேரத்தில், இந்தப் பட்டியலை யார் யாருக்காக எழுதினார்கள் என்று யோசனை ஓடியது. நவம்பரிலிருந்து ஐரோப்பாவில் குளிர். சூரியனையே பார்க்காமல் மாதக்கணக்கில் கிடக்கிறவனுக்கு மழையில்லாத, வெயில் அடிக்கிற கடற்கரைதான் சொர்க்கம். அவனுக்கு அது நல்ல மாதம். சைகோனில் ஏப்ரல் வெயில் 35 டிகிரியைத் தொடும், காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். சித்திரையில் நாற்பது டிகிரிக்குக் காய்கிற சேலத்துக்காரி காசு கொடுத்து விமானம் ஏறி அந்த வெயிலுக்குப் போக வேண்டுமா? மழை எங்களுக்கு எப்போதிலிருந்து விரோதியானது? கோடை மழை பெய்தால் மொட்டை மாடியில் போய் நிற்கிற ஜாதி நாங்கள். சீசன் இல்லாத மாதத்தில் அறை வாடகையும் இறங்கும் என்பது தனிக் கணக்கு.

அதற்காக மழையில் எங்கே வேண்டுமானாலும் போய் மாட்டிக்கொள்ள முடியாது. அதனால் எந்த மழை எந்தப் பக்கம் பெய்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன், பார்த்த பிறகு எழுந்திருக்க மனசில்லை. நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி வியட்நாமுக்கு அன்னாமியத் தொடர், மேற்கு எல்லையை ஒட்டி நெடுக நிற்கிறது. மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது சைகோனும் மேட்டுநிலமும் நனைகின்றன, மலைக்குக் கிழக்கே இருக்கிற கடற்கரை காய்கிறது. செப்டம்பர், அக்டோபரில் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து கடல் ஈரத்தை அள்ளி வரும்போது அந்தக் கிழக்குக் கரை மேல் கொட்டுகிறது, சைகோன் மெல்லக் காய ஆரம்பிக்கிறது. அப்படியே கேரளமும் சோழமண்டலக் கரையும்தான். டா நாங், ஹோய் ஆன், ஹியூ எல்லாம் நம் கடலூர், நாகப்பட்டினம் போல ஐப்பசி, கார்த்திகையில் மிதக்கிற ஊர்கள். 1999 நவம்பரில் ஹியூவில் ஒரே நாளில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. சேலத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கிற மழை ஏறக்குறைய அவ்வளவுதான். "நவம்பர் நல்ல சீசன்" என்ற பொத்தாம்பொதுச் சொல்லை நம்பி ஹோய் ஆன் போனவர்கள் படகில்தான் தெருவைச் சுற்றியிருப்பார்கள். தாய்லாந்திலும் இதே கதைதான். புக்கெட் நனைகிற மாதத்தில் எதிர்க்கரையில் சாமுய் தீவில் வெயில் அடிக்கும். பாலி பூமத்தியரேகைக்குத் தெற்கே இருப்பதால் கணக்கே தலைகீழ், அங்கே ஜூலை, ஆகஸ்ட்தான் வறட்சி.

நா ட்ராங் அந்தக் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஆகஸ்டில் வெயில், கடல் நீலம். அங்கிருந்து மலை ஏறினால் ஏறக்குறைய 140 கிலோமீட்டரில் டா லாட், அதே நாளில் அங்கே மழையும் குளிரும். ஒரே சாலையில் காலையில் சட்டை நனைய வியர்த்து, சாயங்காலம் ஸ்வெட்டர் தேடலாம். வடக்கே ஹா லாங்கை அப்போதே அடித்துவிட்டேன். ஜூலை, ஆகஸ்ட் அங்கே புயல் காலம். 2025 ஜூலையில் திடீரென்று அடித்த சூறைக்காற்று மழையில் அங்கே சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஹா லாங் போனதும் ஹனோய் போயிற்று, ஹனோய் போனதும் கைப் பாலமும் போயிற்று. டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "கைப் பாலம் இல்லாம வியட்நாமுங்களா?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

நிழல் இல்லாத காபி

இவ்வளவும் ஆன பிறகும் டா லாட்டின் மேல் எனக்கு அரைமனசுதான். வழியில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் கடலுக்கு இறங்கிவிடலாம் என்று வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகலூர் போனபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்து மிளகுக் கொடி கட்டக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பேச்சுக்குத்தான் செல்போனை நீட்டினேன். வியட்நாமின் மத்திய மேட்டுநிலத்தில், டாக் லாக் பக்கத்துக் காபித் தோட்டம் ஒன்றின் வீடியோ. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். திரும்ப ஓட்டச் சொன்னார். மூன்றாவது தடவை ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டார்: "நெழல் மரம் எங்க பாப்பா?"

இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை காபிச் செடி, மேலே வெறும் வானம். எங்கள் தோட்டத்தில் காபி நிற்பது சில்வர் ஓக்குக்கும் பலாவுக்கும் அடியில். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்ததிலிருந்து நிழல் இல்லாத காபியை இந்த மலை நினைத்துப் பார்த்ததில்லை. "வெயில்ல நின்னா தண்டு துளைப்பான் வந்துருமே?" என்றார். அங்கே பெரும்பாலும் ரோபஸ்டா, அதற்கு அந்த வெள்ளைத் தண்டுத் துளைப்பான் தொல்லை இல்லை என்று படித்ததைச் சொன்னேன். "அது சரி, ரோபஸ்டாவா." சற்று நேரம் கழித்து, "பூ மழைக்கு என்ன பண்றான்?" தை, மாசியில் அங்கே வறட்சி, கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு இறைத்துத்தான் பூக்க வைக்கிறார்கள் என்றேன். "குடகுலயும் ரோபஸ்டாவுக்கு அப்படித்தான் பண்ணுவாங்க. தண்ணி கீழ போயிருக்குமே?" போயிருக்கிறது. "எக்டேருக்கு என்ன எடுக்கிறான்?" இரண்டரை டன்னுக்கு மேல், நம் நாட்டு ரோபஸ்டா சராசரி அதில் பாதிகூட இல்லை. அப்பா திரித்த கயிற்றைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு சாயங்காலம் வரை கேள்விதான். பழத்தை ஒரே தடவையில் உருவுகிறார்களா, பழுக்கப் பழுக்க எடுக்கிறார்களா? பழமாகவே களத்தில் காய்கிறதா, தோலுரிக்கிற பல்ப்பரில் போகிறதா? கூலிக்கு ஆள் கிடைக்கிறதா? பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. டா லாட்டுக்கு இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் காவ் தாட் என்று ஓர் இடம், அங்கே நம்மைப் போலவே அராபிகா, 1500 மீட்டருக்கு மேலே என்றேன். ஆவணியில் போனால் பழம் இருக்காது, பச்சைக் காய்தான் என்றும் எச்சரித்தேன். "பழத்தை எவன் பார்ப்பான்? காய்ப் பிடிப்பைத்தான் பார்க்கணும்" என்றார். பிறகு எழுந்து உள்ளே போய், பெட்டியில் இருந்த வாக்காளர் அட்டை, ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மூன்றையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பாஸ்போர்ட்டுக்கு என்ன வேண்டும் என்று அவர் எப்போது, யாரிடம் விசாரித்தார் என்று இதுவரை சொல்லவில்லை.

இருபது வளைவும் இறங்கி வரும் வழியில் பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்குக் கிடைத்துவிட்டது. அந்த வீடியோவை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பச்சையாக இருக்கிறது, அழகாக இருக்கிறது என்பதற்கு மேல் என் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. மரம் இல்லாதது அப்பா கண்ணுக்கு ஒரே பார்வையில் பட்டது. அறுபது வருஷம் ஒரே செடியைப் பார்த்த கண் அது. தை நின் போய் இறங்கினால் வீட்டுக்காரர் கண்ணுக்கும் அப்படித்தான் எதுவோ படும், பக்கத்தில் நிற்கிற எனக்கு அது வெறும் காடாகத் தெரியும். மாரியம்மன் சன்னதியில் எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று அத்தை நொடியில் சொல்லிவிடுவார். ஊர் பேர் தெரியாத ஒன்றின் முன்னால் போய் நின்று வாயைப் பிளப்பது சுலபம், அதற்குத்தான் கைப் பாலம் இருக்கிறது. தெரிந்த ஒன்று வேறு கையில் வேறு விதமாக நிற்பதைப் பார்ப்பவர்களுக்குக் கேட்பதற்கு ஏகப்பட்டது இருக்கிறது. டா லாட்டை ஒரு ராத்திரியிலிருந்து மூன்றாக்கினேன்.

அதன் பிறகு டா லாட் எனக்கே பிடித்துப்போனது வேறு விஷயம். அந்த மேட்டுநிலத்தை 1893இல் நடந்து போய்க் கண்டு எழுதியவர் அலெக்சாந்தர் எர்சின். அடுத்த வருஷமே ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். ஊரின் நடுவில் இருக்கிற சுவான் ஹுவோங் ஏரி 1919இல் அணை கட்டி உண்டாக்கியது. ஊட்டி மாதிரி பல்சக்கர ரயிலும் கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தது. போரில் நின்றுபோனது, மிஞ்சிய என்ஜின்களை 1990இல் சுவிட்சர்லாந்துக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது ஏழு கிலோமீட்டருக்கு மட்டும் சுற்றுலா வண்டி ஒன்று ஓடுகிறது.

பெயரும் தாளும்

மற்ற வேலைகள் எல்லாம் சில்லறை. இ-விசா எளிது. 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை கொடுக்கிறார்கள், ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். அரசாங்கத் தளம் மாதிரியே வேஷம் போட்ட தளங்கள் நிறைய இருக்கின்றன, முகவரியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும். சிக்கல் நம் பெயரில்தான். எனக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. வீட்டுக்காரருக்கு அதில் அவர் அப்பா பெயர். அத்தைக்கு மாமா பெயர், அதுவும் ஆதாரில் ஓர் எழுத்து கூடுதல். விமான டிக்கெட் எடுக்கப் போனால் இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் மேலே நகராது. எனக்கு என் பெயரையே இரண்டு முறை போடச் சொன்னார்கள். டிக்கெட்டும் விசாவும் பாஸ்போர்ட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டிப் பார்த்ததில் கண் பூத்துவிட்டது. இன்ஷியலோடு சந்தோஷமாக இருந்த இனத்தை இப்படிப் படுத்துகிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றி அத்தை கவலைப்பட்டார், செவ்வாய் வெள்ளி கவுச்சி தொட மாட்டார். வியட்நாமில் கீரைக் கடைசலில்கூட மீன் சாறு விழுந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது கிட்டத்தட்ட நம் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், மரக்கறிதான் சாப்பிடுகிறார்கள். அதற்கென்றே தெருவுக்குத் தெரு சைவக் கடைகள் உண்டு. நாங்கள் போகிற நேரத்தில் ஏழாம் மாதத்துப் பௌர்ணமி வேறு வருகிறது. வூ லான் என்று பெற்றவர்களையும் முன்னோர்களையும் நினைத்துக் கும்பிடுகிற நாள், அன்றைக்குச் சைவக் கடையில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். "அமாவாசை பௌர்ணமி பார்க்கிறாங்களா? அப்ப ஒண்ணும் பயமில்லை" என்று அத்தை முடித்துவிட்டார். இருந்தாலும் புளிக்காய்ச்சல் ஒரு டப்பா உறுதி.

பெங்களூரா திருச்சியா என்பது இன்னும் முடிவாகவில்லை. திருச்சி என்றால் நாமக்கல் வழி, ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போதும். அப்பாவின் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை முடிந்துவிட்டது. தை நின் போகிற நாளில் வீட்டுக்காரர் மரவள்ளிக்கும் நான் விக்டர் ஹியூகோவுக்கும் என்று பிரித்துக்கொண்டோம்.

நா ட்ராங்கில் மட்டும் ஒரு முழு நாளைக் காலியாக விட்டு, நோட்டில் எதுவும் எழுதாமல் என் பெயரைப் போட்டு வைத்திருந்தேன். கடல், தெரு, பெயர் தெரியாத பழம். நேற்று ராத்திரி அப்பா போன் பண்ணினார். உலகத்திலேயே மிளகு ஏற்றுமதியில் முதலிடம் வியட்நாமுக்குத்தானாமே, நம்மைப் போல மரத்தில் ஏற்றுவதோடு செங்கல் தூண் கட்டியும் ஏற்றுகிறார்களாமே என்று ஆரம்பித்தார். எங்கே வருகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அந்த சும்மா இருக்கிற நாள்ல..." என்றார்.

"அது சும்மா இருக்கிற நாள் இல்லைங்கப்பா" என்றேன். அவர் போனை வீட்டுக்காரரிடம் கொடுக்கச் சொன்னார்.